சினை என்று வாங்கிய சுறா

திருச்சுழியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன் நான். எந்தக் கதவுக்கு எந்தக் கீல், எந்தச் சுவருக்கு எந்தப் பெயின்ட், பைப்பு என்ன கனம், எது வேண்டுமானாலும் கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மீனைப் பற்றிக் கேட்டால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்மாய் மீன்தான். மழை பெய்த வருடம் கண்மாய் பெருகும். கோடையில் தண்ணீர் வற்றும்போது ஊரே உள்ளே இறங்கிக் கெண்டையும் விராலும் கெளுத்தியும் பிடிக்கும். அதில் எங்களுக்கு ஒரே ஒரு விதி உண்டு. வயிறு பெருத்த மீனாகப் பார்த்து எடு, உள்ளே சினை இருக்கும். அந்த மீன் முட்டைக்காக எங்கள் வீடுகளில் சண்டையே நடக்கும். என் மனைவிக்குச் சினை என்றால் உயிர்.

இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு நான் கடல் மீன் வாங்கப் போனேன். சரியான கிறுக்கன்.

எங்கள் மகள் பிறந்து அன்றைக்கு ஒன்பதாம் நாள். அருப்புக்கோட்டையில் ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை. பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள். மனைவிக்குத்தான் பால் பற்றவில்லை. பிள்ளை நாலு சப்பு சப்பும், கையைக் காலை உதறி அழும், மறுபடி சப்பும், மறுபடி அழும். வீட்டுக்கு அனுப்பும்போதே நர்ஸம்மா சொல்லிவிட்டார்: "விடாம மார்ல போடுங்க, வந்துரும். வர்ற திங்கக்கெழமை தூக்கிட்டு வாங்க, எடை போட்டுப் பாப்போம். கூடலைன்னா டாக்டர்கிட்டச் சொல்லி பவுடர் பால் எழுதித் தாரேன்."

பவுடர் பாலில் என்ன குறை? எத்தனை பிள்ளைகள் அதைக் குடித்து வளரவில்லை? நான் அப்படித்தான் வாய் திறந்தேன். மனைவி என்னை முடிக்க விடவில்லை.

"நாலு வருசத்துக்கு முன்னால குடிக்க ஆளில்லாதப்ப வந்துச்சுல்ல? எட்டு நாளு வந்துச்சுல்ல? துணி துணியா நனைஞ்சுச்சுல்ல? இப்ப ஆள் இருக்கு. இப்ப ஏன் வரமாட்டேங்குது? அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க. பெறகு பவுடர் வாங்குங்க."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எழுந்து கடைக்குப் போய்விட்டேன்.

அந்த நாலு வருடத்துக்கு முந்திய கதையைச் சொல்லிவிடுகிறேன். அது எங்களுடைய முதல் பிள்ளை. ஏழாம் மாதம் வயிற்றிலேயே அசைவு நின்றுபோனது. இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே எடுத்தார்கள். ஆண் பிள்ளை. எங்கள் பக்கம் அப்படிப் பிறந்த பிள்ளையை ஆண்கள்தான் எடுத்துப் போக வேண்டும். எங்கே புதைத்தோம் என்று தாயிடம் சொல்லக்கூடாது. சொன்னால் அவள் அங்கேயே போய்ப் போய் உட்கார்ந்துவிடுவாள், அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். நான் கடையிலிருந்து ஒரு புது மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது என் மனைவி என் கையில் இருந்த மண்ணைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவளுக்குப் பால் சுரந்தது. அந்தக் கொடுமையை நான் கூட இருந்து பார்த்தேன். அதன் பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு பேச்சு கிடையாது. அவளும் நானும் ஒரே வீட்டில் நாலு வருடம் அதைச் சுற்றிச் சுற்றியே நடந்தோம்.

இப்போது இந்தப் பிள்ளைக்குப் பால் இல்லை என்றதும் அவள் உடம்பு அவளையே ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள். அதை எந்தப் பவுடரைக் கரைத்துச் சரிசெய்வது?

அவளுக்குத் தாய் இல்லை. பேறுகாலம் பார்க்கப் பரளச்சியிலிருந்து என் அக்காதான் வந்திருந்தாள். அக்காவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வைத்தியம் தெரியும். ஒன்பதாம் நாள் காலையில் இட்லித் தட்டோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏலே, கடையில உக்காந்து ஈ ஓட்டுற நேரத்துக்கு ஒரு பால் சுறா வாங்கிட்டு வாலே. பூண்டத் தட்டிப் போட்டு புட்டு செஞ்சு குடுத்தா ஊத்தாட்டம் வரும். எனக்கு மூணு பிள்ளைக்கும் அதுதான்."

"நர்ஸம்மாட்டக் கேட்டுக்கிருவோமா?"

"அந்தம்மா எத்தன பெத்துச்சாம்?"

நான் போனில் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். நர்ஸம்மா சிரித்தார். "தாராளமாச் சாப்பிடட்டும், உடம்புக்கு நல்லதுதான். ஆனா பால் வர்றது பிள்ள சப்புறதுலதான் இருக்கு" என்றார். சாப்பிடவும் சொல்கிறார், அதனால் இல்லை என்றும் சொல்கிறார். சரிதான் போ என்று வண்டியை எடுத்தேன்.

சாயல்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து ஒருவர் வண்டியில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வருவார். எங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்து நிழலில் பெட்டியைத் திறப்பார். என் கடையில் கயிறும் தார்ப்பாயும் வாங்குகிறவர், அதனால் பழக்கம். அன்றைக்கு அவரிடம் மூன்று பால் சுறா இருந்தது. இரண்டு ஒல்லி. ஒன்று என் கை நீளத்துக்கும் கூடவே இருந்தது, வயிறு உருண்டு நின்றது.

நான் அதுவரை முழுச் சுறாவைக் கையால் தொட்டதில்லை. மேலே சாம்பல், அடியில் வெள்ளை. வாய், மற்ற மீன்களைப் போல முன்னால் இல்லை, தாடைக்கு அடியில் ஒளிந்திருந்தது. செதில் என்று ஒன்றுமே இல்லை. தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழவென்று போகிறது, வாலிலிருந்து தலைக்குத் தடவினால் என் கடை உப்புத்தாள் மாதிரி விரலைப் பிடிக்கிறது. ஒரே தோலுக்கு எப்படி இரண்டு குணம் என்று நான் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டு நின்றேன்.

"அண்ணாச்சி, பச்ச உடம்புக்காரிக்குன்னா இந்தச் சின்னதுல எடுங்க. எளசா இருக்கும்" என்றார்.

"அந்தப் பெரிசு?"

"அது வேணாம் அண்ணாச்சி, அது..."

"ஏப்பா, எனக்கு மீன் வாங்கத் தெரியும்" என்று அவர் வாயை அடைத்தேன். நான் வியாபாரி. ஒரு சரக்கை ஒருவன் வேண்டாம் வேண்டாம் என்று ஒதுக்கினால் அதை வேறு நல்ல ஆளுக்கு எடுத்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம். நானே அப்படிச் செய்கிறவன்தானே! என் மனைவிக்கு இல்லாத சினை வேறு எவனுக்கு? பெரிசையே தூக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையில் போட்டார்.

அங்கிருந்தே மனைவிக்குப் போன் போட்டேன். "சினையோட பெருசா ஒண்ணு மாட்டியிருக்கு. உனக்குத் தனியா வறுத்துத் தரச் சொல்றேன்."

"சுறாச் சினை எம்புட்டுப் பெருசு இருக்கும்?"

"வயித்தப் பாத்தா ஒரு சட்டி வரும்."

அவள் சிரித்தாள். பிள்ளை பிறந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்போடு வீட்டுக்குப் பறந்தேன்.

மனைவியும் பிள்ளையும் முன் அறையில் இருந்தார்கள். அக்கா கொல்லைப்புறம் குழாயடியில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தாள். நான் தண்ணீர் ஊற்றப் பக்கத்தில் நின்றேன். வயிற்றைக் கீறினாள். கீறியவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஏலே... இங்க பாருலே" என்றாள்.

சினை இல்லை. குட்டி. ஐந்து குட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும். அதே சாம்பல் முதுகு, அதே வெள்ளை வயிறு, அடியில் அதே வாய். கண் திறந்தே இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு குட்டிக்கும் முன்துடுப்பு இரண்டுக்கும் நடுவிலிருந்து ஒரு கொடி புறப்பட்டுத் தாயின் உள்ளே போய் ஒட்டியிருந்தது. முன் அறையில் என் மகளுக்கு அந்தக் கொடி இன்னும் விழவில்லை. காய்ந்து கறுத்துத் தொப்புளில் நின்றுகொண்டிருந்தது. காலையில்தான் துணி மாற்றும்போது பார்த்துவிட்டு வந்தேன்.

மீனுக்குத் தொப்புள்கொடியா? மீன் முட்டை போடும், ஆடுதானே குட்டி போடும்? எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

"இத அவளுக்குக் குடுக்கக் கூடாதுலே. பாவம்லே இது" என்றாள் அக்கா. நான் சரி என்றேன். அவள் கொஞ்ச நேரம் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "இல்லலே, பிள்ள சொமந்த உடம்புல்ல? இதுலதான் சத்து கூட இருக்கும். குடுக்கலாம்" என்றாள். நான் அதற்கும் சரி என்றேன். "என்னத்தலே எல்லாத்துக்கும் சரி சரிங்குற, ஒரு வார்த்த உருப்படியாச் சொல்லேன்" என்று என்னை வைதாள். எனக்கு என்ன தெரியும்? கடைசியில் அவளே முடிவு செய்தாள். கறியைச் சமைப்பது, குட்டிகளைக் கண்ணில் காட்டாமல் அப்புறப்படுத்துவது. "அவ பாத்தான்னா இருக்குற பாலும் வத்திப் போகும். வாயத் தொறக்காத" என்றாள்.

காலிப் பெயின்ட் வாளி ஒன்றில் ஐந்தையும் வைத்து மூடினேன். குப்பையில் கொட்டியிருக்கலாம். நாய்க்குப் போட்டிருக்கலாம். மீன்தானே? மனசு வரவில்லை. வாளியை வண்டியில் மாட்டிக்கொண்டு, கடையில் ஒரு சாந்துக் கரண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே போகிறேன் என்று யோசித்த ஞாபகம் இல்லை. வண்டி கண்மாய்க் கரையில் ஏறி, மடையைத் தாண்டி, இரண்டு கருவேல மரத்துக்கு நடுவில் போய் நின்றது. நாலு வருடத்துக்கு முன்னால் மண்வெட்டியோடு வந்த அதே இடம். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. கண்மாய் வற்றிக் கிடந்தது. மண் கல்லாக இருந்தது. சாந்துக் கரண்டியை வைத்துக்கொண்டு ஒரு சாண் தோண்டுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. நான் ஏன் அங்கே போனேன்?

வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவி கேட்டாள். "சினை எங்க?"

"கெட்டுப் போயிருந்துச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"ஐஸுல இருந்த மீனு. கறி நல்லா இருக்கு, சினை மட்டும் எப்படிக் கெடும்?"

"கடல் மீனு அப்படித்தான் போல."

அவள் என் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் மண் இருந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அக்கா சுறாத் துண்டுகளை மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, கறியை உதிர்த்துப் பிழிந்து, பூண்டும் மிளகும் வெங்காயமும் போட்டுப் புட்டு செய்தாள். அன்றைக்கு வியாழக்கிழமை; அன்றைக்கே கொடுத்தாள், மீதியை எடுத்து வைத்து வெள்ளிக்கிழமையும் கொடுத்தாள். மனைவி மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள். பால் என்னவோ பழைய கதைதான். நாலு சப்பு, ஒரு அழுகை. திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டே வந்தது.

சனிக்கிழமை எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. யார் மேல் என்று தெரியாத கோபம். மீன்காரரிடம் போய்க் கத்தினேன். "ஏப்பா, வயித்துப்பிள்ளக்காரிய வித்திருக்கியே, உனக்கே நல்லாருக்கா?"

"அண்ணாச்சி, நான் வேணாம்னு சொல்ல வந்தேன். நீங்கதான் மீன் வாங்கத் தெரியும்னீக."

உண்மைதானே! நான் சத்தத்தைக் குறைத்தேன். அவர் என்னைப் பெட்டிக்குப் பின்னால் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். சுறாவில் முட்டை போடுகிறதும் உண்டு, பால் சுறா குட்டிதான் போடும் என்றார். கிட்டத்தட்ட ஒரு வருடம் சுமக்குமாம். மனுஷியைவிடக் கூட. குட்டி போடுகிற நேரத்தில் கரைக்குப் பக்கத்தில், ஆழமில்லாத தண்ணிக்கு வருமாம். அங்கேதான் குட்டியைத் தின்கிற பெரிய மீன் நடமாட்டம் குறைவு. அப்படி வரும்போதுதான் வலையில் மாட்டுகிறது.

"போட்டதுக்குப் பெறகு பால் குடுக்குமா?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "மீனு எங்க அண்ணாச்சி பால் குடுக்கும்? குட்டி விழுந்ததும் அதுபாட்டுக்கு நீந்திப் போயிரும். தாய் அங்கிட்டு, பிள்ள இங்கிட்டு."

"பெறகு ஏன் பால் சுறாங்குறீக?"

"கறி வெள்ளையா இருக்கதாலன்னு சொல்வாக. பெத்தவளுக்குப் பால் ஊறும்னும் சொல்வாக. நமக்கு எங்க தெரியுது?" என்றவர், "ஒண்ணு அண்ணாச்சி. வலையில மாட்டுனா பாதிச் சுறா பயத்துலயே குட்டிய வெளிய தள்ளிரும். உங்களுது தள்ளல. கடைசி வரைக்கும் உள்ளயே வச்சிருந்திருக்கு" என்றார்.

தன் பிள்ளைக்கு ஒரு சொட்டுப் பால் கொடுக்காத மீன் என் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் என்று நான் நம்பியிருக்கிறேன். இருந்த குழப்பம் போதாதென்று இது வேறு. ஆனால் அந்த மனிதர் கடைசியில் சொன்ன வார்த்தை நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. என் மனைவியும் அப்படித்தான் இரண்டு நாள் வைத்திருந்தாள். அசைவு நின்ற பிறகும் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "தூங்குறான் போல" என்று என்னிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தாள். மனைவி சுவரில் சாய்ந்து பிள்ளையை மாரில் போட்டிருந்தாள். வழக்கம்போலப் பிள்ளை சப்பிப் பார்த்துச் சிணுங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் போக ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"எத்தன குட்டி?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா?"

"மதினி வாயி சும்மா இருக்குமா? காலையில சொல்லீட்டு அழுதாக. எத்தன?"

"அஞ்சு."

"என்ன செஞ்சீக?"

"பொதச்சிட்டேன்."

"எங்க?"

"கம்மாக்கரையில."

"கம்மாக்கரையில எங்கிட்டு?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். கடையில் ஒரு நாளைக்கு நூறு சொல்கிறேன். அன்றைக்கு வாயில் வரவில்லை. "மடையத் தாண்டி, ரெண்டு கருவேல மரம் நிக்கும். அதுக்கு நடுவுல" என்றேன்.

"அம்புட்டுத் தூரம் எதுக்குப் போனீக?"

"தெரியலத்தா. சத்தியமாத் தெரியல." "அங்கதான் நம்ம பையன் இருக்கான்."

நாலு வருடத்தில் எங்கள் வீட்டுக்குள் அந்தப் பிள்ளையைப் பையன் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். பிள்ளைதான் இருமியது. நிமிர்ந்து பார்த்தால், பிள்ளைக்குப் புரை ஏறியிருந்தது. வாயோரம், கன்னம், கழுத்தெல்லாம் பால். விழுங்க முடியாமல் திணறியது. மறுபக்கம் என் மனைவியின் சேலை அது பாட்டுக்கு நனைந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டு உச்சந்தலையில் மெல்லத் தட்டினாள்.

"யாரோ நெனைக்கிறாக தாயி. யாரோ நெனைக்கிறாக" என்றாள்.

அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன்.

திங்கட்கிழமை எடை கூடியிருந்தது. அதிகமில்லை, ஆனால் பவுடர் வேண்டாம் என்றார்கள். விடாமல் மாரில் போட்டதால் வந்தது என்றார் நர்ஸம்மா. சுறாப் புட்டு ஏறுவதற்கு மூன்று நாள் ஆகும், அதுதான் என்று அக்கா அடித்துச் சொன்னாள். கேள்விப்பட்ட மீன்காரருக்கு, தன் சுறாதான் பாலைக் கொண்டுவந்தது என்று ஒரே பெருமை. மூன்று பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம், மூன்றும் தப்பாகவும் இருக்கலாம். எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் மனைவியிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

முப்பது நாள் தீட்டுக் கழிந்ததும் அக்கா பரளச்சிக்கு பஸ் ஏறினாள். அவள் இருந்திருந்தால், பச்சை மண்ணைத் தூக்கிக்கொண்டு அங்கேயா போவார்கள் என்று ஊரைக் கூட்டியிருப்பாள். மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் மனைவி பிள்ளையோடு வந்து வண்டியில் உட்கார்ந்துகொண்டாள். எங்கே என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு கருவேல மரத்துக்கு நடுவில் நிறுத்தினேன். புதுசாகக் கிளறிய மண் ஓரிடத்தில் இன்னும் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் பழைய மண், மேலே ஒன்றும் தெரியாது. நான் விரலால் காட்டினேன்.

அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"தல எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

தெற்கே காட்டினேன். அவள் அந்தப் பக்கமாகப் போய்த் தரையில் உட்கார்ந்து, மகளை மடியில் போட்டுப் பால் கொடுத்தாள்.